விதைப் பைக்கு மயங்காத மான்

உலகத்து விவசாயிகள் எல்லாம் மான் வந்துவிடக் கூடாது என்று வேலி போட, மான் வரவேண்டும் என்று உரமிட்டு விதைத்துக் காத்திருக்கும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. வெள்ளைவால் மானை வேட்டையாடுகிறவர்கள் அவர்கள். மாட்டுத் தீவனத்துக்காகப் புல் வளர்த்து, அறுத்துக் காயவைத்து, கட்டுக்கட்டாக விற்றுவந்த பழைய வயலை மானுக்கான தீவன வயலாக மாற்றுவது ஜார்ஜியா, அலபாமா பக்கம் ஒரு பருவச் சடங்கு. முதல் வேலையாக விதைக் கடைக்குப் போய், கிளைகிளையாகக் கொம்பு விரித்த ஆண்மான் படம் போட்ட பையைத் தூக்கி வருவார்கள். என் வாதம் எளிது: அந்தப் படம் மனிதனைப் பிடிப்பதற்கு. மானைப் பிடிப்பது சுண்ணாம்பு மூட்டை. அதன்மேல் பெரும்பாலும் படம் இருக்காது.

வயல்தான் ஏற்கெனவே பச்சையாக இருக்கிறதே, மான் அதையே மேயட்டுமே என்று கேட்கலாம். பச்சையெல்லாம் சாப்பாடாகிவிடாது. தெற்கு மாநிலங்களில் இந்த வயல்களை நிறைத்திருப்பது பெரும்பாலும் பெர்முடா புல், அதாவது பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அறுகம்புல்லேதான். 1943இல் ஜார்ஜியாவின் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் என்ற பயிர் விஞ்ஞானி அதிலிருந்து ‘கோஸ்டல்’ என்ற கலப்பினத்தை வெளியிட்டார், மாடுகள் பிழைத்தன. மாட்டின் முதல் இரைப்பை பெரியது, நாரை ஊறவைத்து நிதானமாகச் செரித்துவிடும். மானும் அசைபோடும் விலங்குதான் என்றாலும், உடலோடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை சிறியது. அதனால் தளிர், மொட்டு, அகன்ற இலைச்செடி, ஓக் கொட்டை என்று சத்துள்ளதைப் பொறுக்கித்தான் தின்னும். பழைய புல்வயலில் மான் தலை குனிந்து நின்றால், பெரும்பாலும் புல்லுக்கு நடுவே தப்பி முளைத்த குளோவர் என்ற பயறுவகைச் செடியைத் தேடுகிறது என்று பொருள். பொங்கலை ஒதுக்கிவிட்டு முந்திரியைப் பொறுக்கும் பிள்ளையின் குணம் அது.

ஆகவே புல் போக வேண்டும். டிராக்டரை விட்டு உழுதால் போதாதா என்றால், அறுகோடு மல்லுக்கட்டிய எந்த விவசாயியும் சிரிப்பார். தரையடித் தண்டை வெட்டினால் துண்டுக்கொரு செடி முளைக்கும். கோஸ்டல் ரகத்தைப் பயிரிடுவதே அப்படித் துண்டு நட்டுத்தான். உழுகிறவர் களையெடுப்பதாக நினைத்துக்கொண்டு நடவு செய்கிறார். புல் தன் உணவை வேருக்கு இறக்கும் கோடைக் கடைசியில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்து, மறுபடி தழைத்தால் மறுபடியும் தெளிப்பதுதான் அங்கே வழக்கம். களைக்கொல்லி வேண்டாம் என்பவர்களின் கவலை நியாயமானது. அவர்கள் அடர்ந்து வளரும் பயிர்களை அடுத்தடுத்து விதைத்து நிழலாலேயே புல்லை ஒடுக்கலாம். பணத்துக்குப் பதிலாகப் பொறுமை செலவாகும். புல்லை ஒழிப்பதைவிடப் பெரிய சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. ஆண்டாண்டாக அறுத்து வெளியேற்றிய புல், ஒவ்வொரு டன்னோடும் ஏறத்தாழ 20 கிலோ பொட்டாஷைக் கொண்டுபோயிருக்கும். கொட்டிய தழைச்சத்து உரம் மண்ணை அமிலமாக்கியிருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் குளோவர் வேரில் தழைச்சத்து சேர்க்கும் ரைசோபியம் பாக்டீரியா சோர்ந்துவிடும். கார அமில நிலை 6க்கு மேல் இருந்தால்தான் அது நன்றாக வேலைசெய்யும். சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைச் சரிசெய்யும், ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகும். அதனால் இலையுதிர் காலத்தில் விதைக்கிறவர் வசந்தத்திலேயே மண்ணைச் சோதிக்க வேண்டும். அப்போது இலையுதிர் கால விதைப்புக்கான மான் படப் பைகள் பெரும்பாலும் கடைக்கே வந்திருக்காது.

நல்ல விதை கொம்பை வளர்க்காதா? சத்தான தீவனம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் கொம்பு முழு அளவை எட்ட ஆண்மானுக்கு ஐந்தாறு வயதாக வேண்டும். இரண்டு வயதில் சுட்டுவிட்டு விதையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. மானைக் காப்பாற்றவே விதைக்கிறேன் என்பதும் எடுபடாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சமாகச் சுருங்கிய இந்த இனம் இன்று சுமார் 3 கோடி. அது யாருடைய தயவுக்கும் காத்திருக்கவில்லை. ஓக் கொட்டை உதிரத் தொடங்கினால், எத்தனை விலை கொடுத்து விதைத்த வயலையும் விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடும். என் வசதிக்குத்தான் விதைக்கிறேன் என்று வேட்டைக்காரர் ஒப்புக்கொண்டால் கணக்கு சுலபமாகிவிடும். முதல் செலவு மண் பரிசோதனைக்கு, இரண்டாவது சுண்ணாம்புக்கு, மூன்றாவது புல்லை ஒழிக்க. மிச்சம் இருப்பதில் சாதாரண ஓட்ஸும் குளோவரும் வாங்கினால் போதும்.