கூன் நிமிரலாமா?

கேள்வி: தாத்தாவின் பழைய அம்பாசடரைப் புதுப்பிக்கிறேன். பின்பக்கக் கமான் பட்டையை மாற்றிவிட்டால் அது தாத்தா கார்தானா? – வாசகர், பாளையங்கோட்டை

பதில்: 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் அறுந்தது. வேறு வடம் பூட்டி இழுத்தார்கள். தேர் மாறிவிட்டதா?

மனுஷனுக்குக் கூன் விழுந்தால் கவலை. கமானுக்குக் கூன் நிமிர்ந்தால் கவலை. நிமிர்ந்த பட்டையை நல்ல பட்டறையில் வளைத்துப் பதமேற்றினால் அதே இரும்பு இன்னும் உழைக்கும். விரிசல் கண்ட பட்டையையும் நைந்த ரப்பர் புஷ்ஷையும் தயங்காமல் மாற்றுங்கள். பிள்ளைகள் ஏறுகிற வண்டி. முன்பக்க டார்ஷன் பாரைக் கழற்றினால் இடது, வலது என்று குறித்துவையுங்கள். ஒரே திசையில் முறுகிப் பழகியது, பக்கம் மாறினால் ஒடியக்கூடும். 2014-இலேயே உற்பத்தி நின்ற கார் இது. கழற்றிய அசல் பாகம் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.