பூப்பஞ்சாங்கக்காரர்

டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் குடியிருக்கும் தமிழர்களில் தெருவுக்கு ஒருவர் இப்படி இருப்பார். மற்ற மாதங்களில் சாது. ஆபீஸ் உண்டு, வீடு உண்டு, சனிக்கிழமை காய்கறி உண்டு. பிப்ரவரி 1-ஆம் தேதி பிறந்ததும் எக்செல் தாளைத் திறந்து அன்றைய அதிகபட்ச வெப்பநிலையை ஏற்றிவிட்டாரென்றால், பிறகு ஆளைப் பிடிக்க முடியாது. தினமும் கூட்டிக்கொண்டே வருவார். கூட்டுத்தொகை 600 டிகிரியைத் தொடும் வாக்கில் டோக்கியோவில் செர்ரி பூக்கும் என்பது அங்கே ஊரறிந்த கணக்கு. மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்து, "சாயங்காலம் பையன் ஸ்கூல்ல மீட்டிங், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டால், "நானூத்திப் பன்னெண்டு" என்று பதில் வரும்.

இவரைத் தேடி ஊரிலிருந்து போன் வரும். அத்தை, மாமா, அத்தையின் சம்பந்தி, கூடப் படித்தவனின் மச்சினன். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "சகுரா பார்க்க எப்ப வரலாம்?" மார்ச் கடைசியிலோ ஏப்ரல் முதல் வாரத்திலோ வாருங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம். முக்கால்வாசி சரியாகவும் இருக்கும். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டால் இவருக்கு என்ன மரியாதை?

"எந்த ஊர்ப் பூவைக் கேக்கிறீங்க மாமா?" என்று ஆரம்பிப்பார். ஒகினாவாவில் ஜனவரியிலேயே பூத்துவிடும். இசு தீபகற்பத்துக் கவாசுவில் பிப்ரவரி. கியூஷு, டோக்கியோ, கியோத்தோ எல்லாம் மார்ச் கடைசியை ஒட்டி. வடக்கே ஹிரோசாகி கோட்டை அகழியில் இதழ் மிதப்பதைப் பார்க்க ஏப்ரல் கடைசி. ஹொக்கைடோவுக்கு மே பிறக்க வேண்டும். மாமா பாவம், சென்னையிலிருந்து டிக்கெட் விலை ஏறுவதற்குள் ஒரு தேதி கிடைத்தால் போதும் என்று காத்திருப்பார். இவர் அப்போதுதான் ஹிரோஷிமாவைத் தாண்டியிருப்பார்.

தேதிக்கு இவ்வளவு பாடு ஏன் என்றால், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜப்பானில் பூங்காவுக்குப் பூங்கா நிற்பது சோமெய் யோஷினோ என்ற ஒரே ரகம். எல்லாம் ஒட்டுக்கட்டி வளர்த்தவை. மரபணுவில் அண்ணன் தம்பிகூட இல்லை, அச்சு அசல் ஒரே ஆள். அதனால் ஒரு பேட்டை மரங்கள் எல்லாம் சேர்ந்தே பூக்கும், சேர்ந்தே கொட்டும். முதல் பூவிலிருந்து முழுப்பூவுக்கு ஒரு வாரம். மழையும் காற்றும் விட்டுவைத்தால் இன்னொரு வாரம். அவ்வளவுதான் அவகாசம்.

எப்போது பூக்கும் என்று சொல்வதற்குத் தனியார் வானிலை நிறுவனங்கள் பல உண்டு. ஒன்று சொல்லும் தேதியை மற்றொன்று சொல்லாது. நம்மவர், வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நடுவே உட்கார்ந்து முகூர்த்தம் குறிக்கிற குடும்ப ஜோசியர் மாதிரி, எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தன் நாளைச் சொல்வார். ஜப்பான் அரசின் வானிலைத் துறையே இந்த ஆருடம் சொல்லும் வேலையை 2010-ல் கைகழுவிவிட்டது. அதற்கு முன் 2007-ல் கணினிக் கோளாறால் சில ஊர்களுக்குத் தேதி தப்பிப்போய், மன்னிப்பும் கேட்டது. நம்மவர் இரண்டையும் செய்ததில்லை.

செய்திருக்க வேண்டிய வருஷம் 2024. அதற்கு முந்திய வருஷம் டோக்கியோவில் மார்ச் 14-லேயே முதல் பூ. அதையும் இதையும் கூட்டிக் கழித்து, அத்தையையும் மாமாவையும் மார்ச் 20-க்கு வரவழைத்துவிட்டார். மார்ச்சோ குளிரெடுத்துவிட்டது. முதல் பூ 29-ஆம் தேதி. முழுப்பூ ஏப்ரல் 4. அதற்குள் விருந்தாளிகள் ஊர் திரும்பி மாவரைக்க ஆரம்பித்திருந்தார்கள். இருந்த நாளெல்லாம் மொட்டைக் கிளைகளைச் சுற்றிக்காட்டிவிட்டு, "பூவை யார் வேணா ரசிக்கலாம் மாமா, மொட்டை ரசிக்கத்தான் ஒரு பக்குவம் வேணும்" என்றாராம். நடுவில் ஷிஞ்சுகு கியோயென் தோட்டத்தில் முந்திப் பூக்கும் ரகங்கள் சில பூத்திருந்ததை அத்தை கண்டுபிடித்துவிட்டாள். "அது வேற ஜாதி அத்தை, கணக்குல வராது" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பூவிலும் ஜாதி பார்க்கிற ஆளை அன்றுதான் பார்த்ததாக மாமா பிற்பாடு சொன்னார்.

இவரைப் பார்க்க உகந்த இடம் யாசுகுனி கோயில். அங்கே ஒரு மாதிரி மரம் இருக்கிறது. வானிலைத் துறை அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்து, ஐந்தாறு பூ விரிந்திருந்தால் டோக்கியோவில் பூத்துவிட்டது என்று அறிவிப்பார். எண்பது சதவீதம் விரிந்தால் முழுப்பூ. டிவி கேமராக்களும் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு உதடு அசையாமல் எண்ணிக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். அதிகாரி நாலில் இருக்கும்போது இவர் ஆறை எட்டியிருப்பார். ஆறாவதைப் பூ என்று ஒத்துக்கொள்ளலாமா என்று பக்கத்து ஜப்பானியக் கிழவரோடு சர்ச்சையும் நடக்கும்.

போன வசந்தத்தில் அத்தை துணிந்து மறுபடி வந்தாள். இம்முறை தேதி தப்பவில்லை. ஆனால் இடம் இருக்கிறதே! மூன்று ஊர்களில் ஓட்டல் பிடித்து வைத்திருந்தார். இலவசமாக ரத்து செய்யலாம் என்ற வசதியைக் கண்டுபிடித்தவன் இவருக்குக் குலதெய்வம். மெகுரோ ஆற்றங்கரையில் இருபக்கமும் கிளைகள் தண்ணீர்மேல் கவிந்திருக்க, அத்தை போனை எடுத்தாள். "இறக்குங்க அத்தை. இது எழுபது சதவீதம்தான்." உவேனோ பூங்காவுக்குப் போனார்கள். நீலத் தார்ப்பாய் விரித்து ஆபீஸ் ஆட்கள் பீரும் பொட்டலமுமாக உட்கார்ந்திருந்தார்கள். "இங்க கொட்ட ஆரம்பிச்சிடுச்சு, சிதோரிகாஃபுச்சிக்கு ஓடினா பிடிச்சிடலாம்."

போகிற வழியில், ஒரு இருபத்துநாலு மணிநேரக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் அத்தை நின்றுவிட்டாள். அங்கே ஒற்றை மரம். மேலே சிட்டுக்குருவிகள் பூவை அடியோடு கடித்துத் தேனை உறிஞ்சிவிட்டு முழுசாகக் கீழே போட்டுக்கொண்டிருந்தன. அத்தை குனிந்து நாலைந்தைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து மோந்து பார்த்தாள்.

"வாசனையே இல்லையேடா. காம்பும் இல்லாம விழுது, தொடுக்கக்கூட முடியாது."

"அத்தை, இது லிஸ்ட்லயே இல்லாத மரம்."

"அதனாலதான் கூட்டமில்லாம இருக்கு. எனக்கு ஒரு டீ வாங்கிட்டு வா."

என்னைக் கேட்டால் யோஷினோ மலைக்குப் போகச் சொல்வேன். நாரா பக்கம் அந்த மலையில் முப்பதாயிரம் மரம் என்பார்கள், பெரும்பாலும் மலைச்செர்ரி. அடிவாரத்தில் தொடங்கி உச்சிவரை படிப்படியாகப் பூக்கும். கீழே கொட்டிவிட்டதா, மேலே ஏறு. மேலே மொட்டா, கீழே இறங்கு. நாலு நாள் முன்பின் ஆனாலும் எங்கேயாவது பிடித்துவிடலாம். நம்மவருக்கு யோஷினோ என்றாலே ஆகாது. கணக்குப் போட வேலையே இல்லாத இடத்துக்கு அவர் ஏன் போகிறார்?

ஊர் திரும்பும் நாள் நரிதா விமான நிலையத்தில் அத்தையின் போனை வாங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தார். முக்கால்வாசி அந்தக் கடை வாசல் மரம். முகம் சுண்டிவிட்டது.

"போகட்டும் அத்தை. நவம்பர்ல வாங்க. கியோத்தோவுல மேப்பிள் இலை சிவக்கும், பூவெல்லாம் அதுகிட்ட நிக்காது."

"நவம்பர்ல எப்பப்பா?"

"அதை இப்பவே சொல்ல முடியாது. ராத்திரி வெப்பநிலை எட்டு டிகிரிக்குக் கீழே இறங்கணும். நான் செப்டம்பர்லேர்ந்தே ஒரு தாள் போட்டு..."

"என் பாஸ்போர்ட்டைக் குடு தம்பி. நான் உள்ள போறேன்."