ஓட்டத்துக்கு மொய்

1984-இல் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் பள்ளியில் ஓட்டம் என்பது தண்டனை. மணி அடித்த பிறகு வந்தால் பி.டி. வாத்தியார் கேட்டைச் சாத்திவிட்டு, "அஞ்சு ரவுண்டு" என்பார். வேறு பேச்சு கிடையாது. வெறுங்கால், நெருஞ்சி முள் மைதானம். செலவு ஒரு பைசா இல்லை.

நாற்பது வருஷம் கழித்து, அதே தண்டனையை லண்டனில் போய் அனுபவிக்க 2,000 பவுண்டு திரட்டித் தருவதாக எழுதிக் கொடுத்தேன்.

1981-இல் தொடங்கிய லண்டன் மாரத்தானில் இப்போது குலுக்கலில் இடம் விழுவது குதிரைக்கொம்பு. 2024 ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 5,78,000 பேருக்கு மேல். குலுக்கலில் விழாதவர்களுக்குப் பக்கத்து வாசல் ஒன்று உண்டு. தொண்டு நிறுவனங்கள் இடங்களை முன்பே வாங்கி வைத்திருக்கும். இன்ன தொகை திரட்டுகிறேன் என்றால் ஒரு இடம் தரும். எனக்குக் கிடைத்தது அந்த ஊர்ச் சிறுநீரக நோயாளிகளுக்கான நிறுவனம். 2,000 பவுண்டு என்றால் நம் காசுக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல்.

பயிற்சிக்கு 16 வார அட்டவணை. அன்று காலுக்குச் செருப்பே கிடையாது. இன்று பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூ. அன்று மடியில் கடலை மிட்டாய். இன்று இடுப்புப் பட்டையில், பற்பசை போலப் பிதுக்கிச் சாப்பிடும் ஜெல். அது வயிற்றைக் கலக்கியதால் மறுபடி கடலை மிட்டாய்க்கே வந்து சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம்: 18, 22, 26 என்று ஏறி, 32 கிலோமீட்டர் வரை. மதுரையில் மார்ச் மாதம் ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால் விடியற்காலை நாலு மணிக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றுவேன். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மேல். மாரியம்மன் கோயில் பக்கம் பூக்கட்டும் அம்மா ஒருத்தி நாலைந்து வாரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"ஏப்பா, என்ன வேண்டுதலு? எத்தன சுத்து?"

"இருவத்தஞ்சுக்கு மேல ஆகும்மா."

"ஆத்தா பாத்துக்கிருவா. அந்தச் செருப்பக் கழட்டிட்டுச் சுத்து."

இத்தனைக்கும் கால் பாடு பெரிய பாடில்லை. கை நீட்டுவதுதான் பாடு. அதற்கு எந்த அட்டவணையும் கிடையாது.

பள்ளியில் அதற்கும் பழக்கியிருந்தார்கள். டிசம்பர் 7 கொடி நாள். ஆளுக்கொரு தகர உண்டியலும் குண்டூசி குத்திய காகிதக் கொடிகளும் கொடுத்து பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டுவார்கள். நான் யார் சட்டையிலும் குத்தவில்லை. உண்டியலைக் காலியாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா சுருக்குப்பையைத் திறந்து ஒன்றரை ரூபாய் போட்டாள். பள்ளியில் எனக்குக் கைதட்டல்.

இந்தத் தடவை இணையத்தில் எனக்கொரு பக்கம். எத்தனை சதவீதம் சேர்ந்தது என்று காட்டும் கோடு ஒன்று. பத்து நாள் அது நகரவே இல்லை. பாதிப் பேருக்குக் கார்டு வேலை செய்யவில்லை; வெளிநாட்டுச் செலவுக்கு அதை நாமே திறந்துவிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சித்தப்பாவுக்குக் கார்டு பிரச்சினையே இல்லை. "ஓடறது நீ. காசு மட்டும் நாந் தரணுமா? அதுலயும் லண்டன் கிட்னிக்கு மதுரைக் காசு!"

அன்றைக்கே கடைக்குப் போய் எண்பது பக்க நோட்டு வாங்கினேன். பிள்ளையார் சுழி போட்டு, பெயர், ஊர், தொகை என்று கோடு கிழித்தேன். நோட்டைப் பிரித்து வைத்ததும் கேள்விகள் நின்றுவிட்டன. யாருக்கு, எதற்கு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. வந்த ரூபாயை வாங்கிக்கொண்டு என் கார்டில் கட்டினேன். சித்தப்பாவும் நாலாம் பக்கத்தில் இரண்டாயிரம் எழுதினார். மொத்தம் 113 பேர்.

ஓட்டம் ஏப்ரல் 21. அன்றைக்குத்தான் மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம். "ஊரே ஆத்தா கல்யாணத்துக்கு மொய் எழுதப் போகுது. நீ ஊரெல்லாம் மொய் வாங்கிக்கிட்டு எங்கடா போற?" என்றாள் அம்மா.

கிரீனிச்சில் நின்றபோது பல் கிட்டியது. தெப்பக்குளத்தில் எல்லாம் பழகலாம், குளிரைப் பழக முடியாது. பழைய ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். அதையும் பொறுக்கித் தர்மத்துக்குக் கொடுத்துவிடுவார்களாம். டவர் பிரிட்ஜ் வரை கம்பீரம். கேனரி வார்ஃபில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. அங்கே ஒரு காண்டாமிருகம் என்னைத் தாண்டிப் போனது; காண்டாமிருகங்களைக் காப்பாற்ற நிதி திரட்டும் யாரோ, அந்தக் கூட்டைச் சுமந்துகொண்டு.

26 மைலோடு விட்டிருந்தால்கூடத் தெம்பாக முடித்திருப்பேன். 1908 ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கில் அரச குடும்பத்து இருக்கைக்கு நேரே முடியும்படி பாதை போட்டார்கள். அதில் வந்த கூடுதல் 385 கெஜம் 1921-இல் நிரந்தரமாகிவிட்டது. உட்கார்ந்து பார்த்தவர்களுக்காக அளந்த தூரத்தை, பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கத்தில் நொண்டிக்கொண்டே கடந்தேன். ஆறு மணி நேரம் பத்து நிமிடம்.

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். பேத்தி பள்ளியில் ஏதோ நிதி திரட்டுகிறார்களாம்.

"ஒன் நோட்டுல நம்ம பேரு எத்தனாம் பக்கம்டா?"

"நாலு, சித்தப்பா."

"பாப்பாவ அனுப்புறேன்."

2,500 கொடுத்தேன். வாங்கிய மொய்யைக் கூட்டித்தானே திருப்ப வேண்டும். இன்னும் 112 பேர் பாக்கி.