இலையுதிர்கால அக்கா

செப்டம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், ஜார்ஜ்டவுனில் சில கொண்டோ வீடுகளுக்குள் மட்டும் குளிர் இறங்கிவிடும். வெளியே 31 டிகிரி. உள்ளே ஏர்கோன் 18-இல் ஓட, சன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்த்து வழியும். சோபாவில் கம்பளிப் போர்வைக்குள் காலை மடக்கி உட்கார்ந்திருப்பவர்தான் இலையுதிர்கால அக்கா.

வயது முப்பத்தைந்தும் இருக்கலாம், நாற்பத்தைந்தும் இருக்கலாம். அது யாருக்கும் பிடிபடக் கூடாது என்றுதான் குளியலறையில் அத்தனை புட்டிகள். வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில். வீடியோ காலில் வரும் வெள்ளைக்கார மேனேஜர்கள் சிவந்த இலைகளைப் பற்றியே பேசிப் பேசி, அக்காவுக்கும் தொற்றிவிட்டது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்தே டிகிரி வடக்கே இருப்பதும், அக்டோபரில் இங்கே வானம் பொத்துக்கொண்டு ஊற்றும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. மழையும் இதம்தானே, ‘கோசி’தானே என்பார்.

போன வருஷம் வீட்டுக்குள் நுழைந்ததுமே நிறுத்திவைத்துக் கேட்டார்.

“மூச்சை நல்லா இழுங்க. என்ன வாசம், சொல்லுங்க பார்ப்போம்?”

“பிரியாணி போடுறீங்களாக்கா?”

முகம் வாடிப்போனது. “மெழுகுவத்திலா! லண்டன்லேருந்து வந்தது. நூத்தி எண்பது வெள்ளி.”

பட்டை, கிராம்பு, சாதிக்காய். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1790-களில் கிழக்கிந்தியக் கம்பெனி மொலுக்காஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து நட்டது இதே பினாங்கில். அடுத்த நூற்றாண்டின் நடுவில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தாலும், மலைக்கு அந்தப் பக்கம் பாலிக் பூலாவில் சாதிக்காய் இன்றும் காய்க்கிறது. அந்த வாசத்துக்குத்தான் அக்கா லண்டன்காரனுக்குப் பணம் கட்டுகிறார். இதைச் சொன்னால், “அது சமையலுக்கு, இது மனசுக்கு” என்று பதில் வரும்.

சருமத்துக்கும் இதே சட்டம்தான். கடல் தாண்டி வந்தால்தான் இயற்கை. ஆப்பிரிக்காவின் ஷியா வெண்ணெய், பிரான்சின் லாவெண்டர், மொராக்கோவின் ஆர்கன் எண்ணெய். லெபு பசாரில் கிடைக்கும் கஸ்தூரி மஞ்சள் மட்டும் “ஸ்கின்னுக்கு ஒத்துக்காது.” பாலைவனக் காற்றுக்கான வெண்ணெயை நம் ஊர்ப் புழுக்கத்தில் பூசிக்கொண்டு அவர் லிஃப்டில் இறங்கும்போது, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த அதிரசம் மாதிரி முகம் மினுங்கும். தீபாவளி விடியற்காலையில் அம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தால் மட்டும், “ஐயோ, பிசுபிசுப்பு!”

அக்காவிடம் தோற்காத ஒரே ஆள் பாட்டி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஒருநாள் சுவரில் தொங்கிய காகித மேப்பிள் இலைகளைப் பார்த்துவிட்டு,

“இதை ஏம்மா தொங்க விட்டிருக்க?”

“இலை உதிர்ற காலம் பாட்டி. மனசுக்கு இதமா இருக்கும்.”

“இதமா? தை மாசியில பால்மரம் இலை கொட்டும். பால் கொறையும். பால் கொறைஞ்சா சம்பளம் கொறையும். கடைக்காரன் கணக்கு நோட்ட எடுத்துக்கிட்டு வாசல்ல நிப்பான்.”

“பாட்டி, இது வேற இலை.”

மலேசியத் தமிழர்களுக்கு வாய்த்த இலையுதிர்காலம் பாட்டி சொன்னது ஒன்றுதான். அதற்கு இதுவரை யாரும் மெழுகுவத்தி வார்க்கவில்லை.

ஆனாலும் அக்கா நல்லவர். நடிப்பும் நெடுநேரம் தாங்காது. மூன்று மெழுகுவத்தி, ஒரு ஆவித்தைல இயந்திரம், அடைத்த சன்னல். இரவு பத்து மணிக்குத் தலை பிளக்கத் தொடங்கும். கை தானாக மெத்தைக்கு அடியில் போகும். வெளியே வருவது கோடாலித் தைலம். 1928 முதல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, நம் சொந்தக்காரர்களின் பெட்டிகளில் தமிழ்நாடு வரை போன அதே குட்டிப் புட்டி. நெற்றிப் பொட்டில் இரண்டு சொட்டு, மூக்கடியில் ஒரு சொட்டு. மெந்தாலும் கற்பூரமும் கிளம்பிய நிமிஷத்தில் லண்டன், பிரான்ஸ், மொராக்கோ மூன்றும் காலி. “அப்பாடா” என்பார். அந்த மாதம் முழுக்க அவர் மனதாரச் சொல்லும் ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அக்டோபரில் அக்கா கூப்பிட்டால் தட்டாமல் போய்வாருங்கள். சாப்பாடு பிரமாதமாக இருக்கும். ஸ்வெட்டரை மறக்க வேண்டாம். கையில் ஏதாவது கொண்டுபோக நினைத்தால், சௌராஸ்தா மார்க்கெட் பக்கம் ஒரு புட்டி சாதிக்காய்த் தைலம் வாங்கி, ‘பினாங்கு’ என்று போட்ட லேபிளை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுங்கள்.