குறி தப்பாத கொக்கி

கேள்வி: காம்பவுண்ட் வில்லின் நாணைப் பிடித்து விடும் ரிலீஸ் கருவி வாங்க வேண்டும். நம்பகமானது எது?

பதில்: உங்களிடம் கேட்காமல் நாணை விடாதது! முழுதாக இழுத்த நாண் திடீரென நழுவினால், எதிராளியே இல்லாமல் உங்கள் முஷ்டி உங்கள் முகத்தில் குத்தும். வாங்குமுன், இழுக்கும் நீளத்துக்கு ஏற்பக் கட்டிய கயிற்று வளையத்தில் மாட்டிப் பலமுறை விட்டுப் பாருங்கள். அம்பில்லாமல் வில்லில் சோதித்தால் வில்லே உடையலாம். கொக்கி சிக்கக்கூடாது, விசை ஒவ்வொரு முறையும் ஒரே அழுத்தத்தில் விட வேண்டும், அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகாணி வேண்டும். புதியவருக்கு மணிக்கட்டுப் பட்டையுள்ள ஆள்காட்டிவிரல் வகையே நல்லது. விசையைப் படக்கென்று தட்டும் பழக்கம் வந்துவிட்டால் கட்டைவிரல் வகைக்கு மாறிப் பார்க்கலாம். கையைச் சுழற்றி விடும் ஹிஞ்ச் வகையைப் பயிற்சியாளர் அருகிலிருந்தால் மட்டுமே தொடுங்கள். சர்வதேசப் போட்டிகளில் மின்னணு ரிலீசுக்கு அனுமதியில்லை.