குளிக்கும் முன் கொஞ்சம் வரலாறு

மெக்சிகோவின் கான்கூன் நகரத்து ஓட்டல் வாசல்களில் காலை ஏழு மணிக்கு ஒரு ஏசி பஸ் வந்து நிற்கும். கதவு முழுதாகத் திறப்பதற்குள் அதிலிருந்து ஒருவர் குதித்து இறங்குவார். கழுத்தில் சுற்றுலாத் துறை கொடுத்த அடையாள அட்டை, ஒரு கையில் மடக்கிய குடை, இன்னொரு கையில் பெயர்ப் பட்டியல், அக்குளில் பிளாஸ்டிக் உறை போட்ட படங்கள் அடங்கிய ஃபைல். இவர்தான் ஒருநாள் சுற்றுலாவின் கைடு. சீச்சென் இட்சா என்ற பழைய மாயா நகரத்து இடிபாடுகள், செனோட்டே என்ற இயற்கைக் கிணற்றில் குளியல், வய்யாதோலித் நகர்வலம், மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே பகலில் முடித்து, இருட்டியதும் அதே வாசலில் கொண்டுவந்து இறக்குவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தது கம்பெனி. காப்பாற்ற வேண்டியவர் இவர்.

பஸ் நகர்ந்ததும் மைக்கைப் பிடிப்பார். “குட் மார்னிங், ஃபேமிலி!” நாற்பது பேரும் அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அதில் ஒரு தம்பதி முந்தின ராத்திரியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இருந்தாலும் ஃபேமிலிதான். அடுத்து நாமகரணம்: “இன்றைக்கு நீங்கள் எல்லாரும் டீம் ஜாகுவார்!” நேற்று வந்தவர்களும் டீம் ஜாகுவார்தான். பின்னால் வரும் பஸ்ஸிலும் அதே பெயர்தான் சூட்டப்பட்டுக்கொண்டிருக்கும். சீச்சென் இட்சா பார்க்கிங்கில் நாலைந்து டீம் ஜாகுவார்கள் ஒன்றோடொன்று கலந்து, தத்தம் வண்டியைத் தேடி அலைவது அங்கே தினசரிக் காட்சி.

இவர் இரண்டு மொழிக்காரர். ஸ்பானிய மொழியில் நாலு நிமிடம் பேசுவார். முன்பாதி பஸ் குலுங்கிச் சிரிக்கும். பிறகு ஆங்கிலத்துக்கு வந்து, “டாய்லெட் பின்னால் இருக்கிறது” என்பார். மிச்ச மூன்றே முக்கால் நிமிடம் என்ன சொன்னார் என்பது ஆங்கிலப் பாதிக்குக் கடைசிவரை தெரியாது. தங்களைப் பற்றித்தானோ என்ற சந்தேகத்துடனேயே அவர்கள் ஜன்னல் வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

மாநில எல்லை தாண்டும்போது ஒரு பரிசு அறிவிப்பார். “ஃபேமிலி, உங்களுக்கு ஒரு மணி நேரம் இலவசம்!” கான்கூன் இருக்கும் கீந்தானா ரோ மாநிலம், கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று 2015இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொண்டது. யுகாத்தான் மாநிலம் பழைய நேரத்திலேயே நின்றுவிட்டது. ஆகவே கோட்டைத் தாண்டினால் ஒன்பது மணி எட்டு மணியாகிவிடும். பஸ்ஸே கைதட்டும். கிடைத்த ஒரு மணி நேரத்தை என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதற்குள், “டாய்லெட்டுக்காக ஒரு சின்ன நிறுத்தம்” வந்துவிடும். டாய்லெட் ஒரு பெரிய கைவினைப் பொருள் கடையின் கோடியில் இருக்கும். அங்கே போக எரிமலைக் கண்ணாடிச் சிலைகள், வெள்ளி நகைகள், ருசி பார்க்க டெகிலா, உங்கள் பிறந்தநாளை மாயா எழுத்தில் பொறித்துத் தரும் மேஜை எல்லாவற்றையும் தாண்டியாக வேண்டும். திரும்பி வரவும் வேறு வழி கிடையாது. இதில் இவருக்குக் கமிஷன் உண்டா என்று கேட்பது நாகரிகமில்லை. அந்த ஒரு மணி நேரம் மட்டும் அங்கேயே செலவாகிவிடும்.

இவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான், அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. வண்டியில் இருக்கும் நாற்பது பேரில் முப்பத்தைந்து பேர் வந்திருப்பது தண்ணீருக்காக. உள்ளே நீச்சலுடை, மேலே சட்டை. பிரமிடு அவர்களுக்குக் குளியலுக்கு முன் கட்ட வேண்டிய வரி. அம்மா நிலாவைக் காட்டிக் காட்டிச் சோறு ஊட்டுவதுபோல, இவர் செனோட்டேயைக் காட்டிக் காட்டி ஆயிரம் வருட வரலாற்றை ஊட்டுகிறார். “இன்னும் இரண்டே இடம், அப்புறம் தண்ணீர்!” என்றதும் வாய்கள் திறக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு கவளம்.

கவளங்கள் அளவாக இருக்கும். எல் காஸ்தீயோ பிரமிடின் முன் நிறுத்தி, “ஒரு பக்கத்தில் 91 படி, நாலு பக்கத்துக்கு எத்தனை?” என்பார். யாராவது ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை 364 என்று கத்தும். “மேல் மேடை ஒன்று. ஆக மொத்தம்?” 365! வருடத்தின் நாட்கள் காலடியில் நிற்பதைக் கண்டு எல்லாரும் மலைத்து நிற்கும்போது கைதட்டச் சொல்வார். தட்டினால் படிக்கட்டிலிருந்து கீச்சென்று ஓர் எதிரொலி வரும். அது மாயாக்கள் புனிதமாக எண்ணிய கேட்சால் பறவையின் குரல் என்பார். ஒலியியல் ஆய்வாளர்கள் உண்மையிலேயே இதைப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வேண்டுமென்றே அப்படிக் கட்டினார்களா என்பதுதான் வழக்கு. மைதானத்தில் பத்துக் குழுக்கள் பத்து இடத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருக்கும். கல்லுக்குள் இருக்கும் பறவைக்கு வேலை நேரத்தில் ஓய்வே கிடையாது.

அதற்கு ஒரு போட்டியும் உண்டு. வழிநெடுகக் கடை விரித்திருப்பவர்கள் ஜாகுவார் உறுமலை எழுப்பும் ஊதல் ஒன்றை விற்கிறார்கள். விற்பதற்காக ஊதிக்கொண்டே இருக்கிறார்கள். “கிட்டத்தட்ட இலவசம்!” என்பது அவர்களுடைய கோஷம். நம்மவர் மன்னர்களையும் போர்களையும் பற்றிக் குரலைத் தாழ்த்தி உருக்கமாகச் சொல்ல ஆரம்பிக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜாகுவார் உறுமும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஊதுகிறவர் அநேகமாக அவருடைய ஒன்றுவிட்ட மச்சானாக இருப்பார்.

பந்து விளையாட்டு மைதானத்தில்தான் இவருடைய கலை உச்சத்துக்குப் போகும். 168 மீட்டர் நீளம், சுவரில் உயரத்தில் கல் வளையம், அடியில் தலை இழந்த வீரன் ஒருவனின் சிற்பம். அவன் கழுத்திலிருந்து ரத்தம் பாம்புகளாகப் பீறிடுகிறது. தலையை இழந்தவன் தோற்றவனா, ஜெயித்தவனா? கால்பந்துப் பித்தர்கள் அதிகமுள்ள குழுவில் ஜெயித்த கேப்டன்: “அதுதான் அவனுக்குப் பெரிய மரியாதை!” குழந்தைகள் நிறைய இருந்தால் விளையாட்டு சமத்தாக முடிந்துவிடும். கையில் குறிப்பு நோட்டுடன் யாராவது நின்றால் மட்டும், “அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது” என்ற வாக்கியம் வெளியே எடுக்கப்படும். அதுதான் உண்மை. ஆனால் அந்த வாக்கியத்துக்கு யாரும் டிப்ஸ் கொடுத்ததில்லை.

நோட்டு வைத்திருப்பவர்தான் இவருடைய ஜென்ம சத்துரு. படித்துவிட்டு வந்த பயணி. புனிதச் செனோட்டே விளிம்பில் நின்று, இங்கே கன்னிப்பெண்களைத் தள்ளினார்கள் என்று இவர் வழக்கமான திகிலை அவிழ்க்கும்போது, பின்வரிசையிலிருந்து தொண்டையைக் கனைக்கும் சத்தம் வரும். “கன்னிப்பெண்கள் இல்லையாமே? 2024இல் நேச்சர் இதழில் வந்ததே, 64 பேர், எல்லாருமே சிறுவர்கள் என்று?” குழு முழுக்கத் திரும்பும். ஒரு நொடி மௌனம். அந்த ஒரு நொடியில் இவர் தன் கோமாளித் தொப்பியைக் கழற்றுவதை நீங்கள் பார்க்கலாம்.

“அந்த 64 பேர் இந்தக் கிணற்றில் கிடைத்தவர்கள் இல்லை, ஐயா. இதற்குப் பக்கத்தில் இருந்த நிலத்தடித் தொட்டியில் 1967இல் கண்டெடுத்தார்கள். மரபணு பார்த்ததில் எல்லாரும் ஆண் பிள்ளைகள். இரண்டு ஜோடி ஒரே சாயல் இரட்டையர்கூட உண்டு. இந்தக் கிணற்றில் கிடைத்த எலும்புகள் வேறு. அதில் ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லாரும் இருக்கிறார்கள்.” சொல்லி முடித்ததும் தொப்பி திரும்பத் தலைக்கு ஏறிவிடும். “சரி ஃபேமிலி, ஐந்து நிமிடம், ஃபோட்டோ!”

அங்கேதான் இவருடைய குட்டு வெளிப்படுகிறது: இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததில் கால்வாசியைத்தான் மைக்கில் பேசுகிறார். அமெரிக்கத் தூதரகப் பிரதிநிதி எட்வர்ட் தாம்ப்சன் இந்த நிலத்தையே விலைக்கு வாங்கி, 1904 முதல் கிணற்றைத் தூர்வாரி, தங்கமும் பச்சைக்கல்லும் எலும்புமாக அள்ளி ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய கதையை, குழுவில் ஹார்வர்ட் பனியன் போட்டவர் யாராவது உண்டா என்று ஒரு நோட்டம் விட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார். 1562இல் தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் மாயா நூல்களைக் கொளுத்தியது, லெனின்கிராடில் உட்கார்ந்த இடத்திலிருந்தே, ஒரு பிரமிடையும் கண்ணால் பாராமல், 1952இல் யூரி க்னோரோசோவ் அந்த எழுத்துக்குத் திறவுகோல் கண்டது, இதெல்லாம் பஃபே வரிசையில் தட்டை ஏந்தி நிற்கும்போது, தானாக வந்து கேட்ட ஒருவருக்கு மட்டும் கிடைக்கும். மைக்கில் கிடைக்காது.

“மாயாக்கள் எப்படித்தான் மறைந்து போனார்கள்?” என்று தினம் ஒருவராவது கேட்பார். இவர் டிரைவரைக் காட்டுவார். “இவர் காலை நாலரைக்கே எழுந்து, மறையாமல் வந்துவிட்டார்.” யுகாத்தான் தீபகற்பத்தில் இன்றைக்கும் லட்சக்கணக்கான பேர் மாயா மொழி பேசுகிறார்கள். இவரும் டிரைவரும் தங்களுக்குள் பேசிக்கொள்வது அதில்தான். 2012 டிசம்பர் 21 அன்று உலகம் அழியும் என்று உங்கள் காலண்டர் சொன்னதே என்றால், “ஆமாம், அன்றைக்கு டிக்கெட்டே கிடைக்கவில்லை” என்பார்.

பஃபே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாட்டிலைத் தட்டோடு தலையில் ஏந்தி ஆடும் ஹரானா நடனம், வாழையிலையில் பொதிந்து வேகவைத்த பன்றி இறைச்சி, எலுமிச்சை சூப். ஹூஸ்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று “சைவம்?” என்று கேட்டால், “கவலை வேண்டாம், இதில் கோழி மட்டும்தான்” என்று சமையல்காரர் ஆறுதல் சொல்வார். நம்மவர் தலையிட்டுச் சோறும் வறுத்த வாழைப்பழமும் வாங்கிக் கொடுப்பார். குடும்பத் தலைவர் அபனேரோ மிளகாய்ச் சட்னியைப் பார்த்து, “நாங்கள் ஆந்திரா மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள்” என்று கரண்டி நிறைய எடுக்கும்போது இவர் தடுக்க மாட்டார். தண்ணீர் ஜக்கை மட்டும் மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பார்.

கடைசியில் தண்ணீர். இக் கில் செனோட்டேக்கு வந்ததும் இவருடைய பேச்சைக் கேட்க ஆளே இருக்காது. சட்டைகள் ஏற்கெனவே கழன்றுவிட்டன. யுகாத்தானின் வடபகுதியில் தரைக்கு மேல் ஆறு ஓடாது. மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு கீழே போய்விடும். உள்ளே குகையாகி, கூரை இடிந்து விழுந்த இடம்தான் செனோட்டே. சுமார் 26 மீட்டர் ஆழத்தில் நீலத் தண்ணீர், மேலிருந்து தொங்கும் வேர்கள், நடுவில் விழும் வெயில். இப்படிச் சொன்னால் எடுபடாது என்று, “டைனோசரைக் கொன்ற விண்கல் செய்த குளம்!” என்று போட்டு உடைப்பார். சீக்சுலூப் விண்கல்லின் பள்ளத்தைச் சுற்றிச் செனோட்டே வளையம் ஒன்று இருப்பது நிஜம். ஆனால் அது மேற்கே மெரிதாவைச் சுற்றி இருக்கிறது. இந்தக் குளம் அதில் சேராது. அதுவும் இவருக்குத் தெரியும்.

“முதலில் ஷவர்! சன்ஸ்க்ரீன் மீனுக்கு ஆகாது! லைஃப் ஜாக்கெட்! ஓடாதீர்கள்!” என்று கத்திக்கொண்டே போவார். ஒரு பெண்மணி படியில் நின்று, “இதிலும் மண்டை ஓடு இருக்குமா?” என்பார். “இல்லை மேடம். போன வாரம் விழுந்த மூக்குக் கண்ணாடி ஒன்றுதான்.” எல்லாரும் குதித்த பிறகு, முப்பத்தெட்டுப் பைகள், பதினாறு ஃபோன்கள், ஒரு பல்செட் டப்பா நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் குளிக்கவில்லையா என்றால், “எனக்கு நீச்சல் தெரியாது” என்பார். பொய். கிராமத்தில் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு செனோட்டே உண்டு. சின்ன வயதில் சாயங்காலம் அங்கேதான் கிடப்பாராம். இது டிரைவர் சொன்னது.

வய்யாதோலித்தில் இருபது நிமிடம்: தேவாலயம், ஐஸ்கிரீம், தலை எண்ணுதல். இரண்டு பேர் குறைவார்கள். ஊதல் வாங்கப் போயிருப்பார்கள். திரும்பும் வழியில் விளக்கை அணைத்து, டிப்ஸ் பற்றிய உரை. ஸ்பானியத்தில் அரை நிமிடம், ஆங்கிலத்தில் ஆறு நிமிடம். இங்கே மட்டும் விகிதம் தலைகீழாகிவிடும். நாள் முழுக்கக் கேள்வி கேட்டவர் கையைக் குலுக்கிவிட்டு இறங்குவார். நாள் முழுக்கத் தூங்கியவர் இருபது டாலர் கொடுப்பார்.

காலியான பஸ்ஸில் நோட்டுகளை டிரைவரோடு பிரித்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் ஒலிக்கும். நாளைய பட்டியல். நாற்பத்திரண்டு பேர், நாலு பேர் சைவம், ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவர் ஓய்வுபெற்ற தொல்லியல் பேராசிரியர்.

“எங்கே உட்கார வைப்பது?” என்பார் இவர்.

டிரைவர் யோசிக்கவே மாட்டார். “டாய்லெட் பக்கத்தில். அங்கே மைக் சரியாகக் கேட்காது.”