ரத்தத்துக்கு மரியாதை, கொள்கைக்கு ஓட்டு

கேள்வி: எதிர்க்கட்சித் தலைவர் முன்னாள் ராணுவ வீரர் என்றால், அவர் கொள்கைக்கும் சேர்த்து சல்யூட் அடிக்க வேண்டுமா?

பதில்: சிந்திய ரத்தத்துக்கு மரியாதை; சொல்லும் கொள்கைக்கு ஓட்டு. இரண்டையும் ஏன் ஒரே பெட்டியில் போடுகிறீர்கள்?

அமெரிக்க செனட்டர்கள் பாப் டோல், டேனியல் இனூயே இருவரும் 1945 ஏப்ரலில் இத்தாலிப் போர்முனையில் படுகாயம் அடைந்தவர்கள். டோலுக்கு வலக்கை செயலிழந்தது. இனூயேவுக்கு வலக்கையே போனது. மிச்சிகனில் ஒரே ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை. பிறகு ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. 2012 டிசம்பரில் இனூயேவின் உடல் நாடாளுமன்றக் கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தபோது, 89 வயது டோல் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, கைத்தாங்கலாக நடந்துபோய், இடக்கையால் சல்யூட் அடித்தார்.

கேள்வி: அப்படியானால் போர் வீரரைத் தேர்தலில் எதிர்ப்பது பாவமில்லையா?

பதில்: ஒபாமாவைக் கேளுங்கள்! வடவியட்நாம் சிறைகளில் ஐந்தரை ஆண்டுகள் வதைபட்ட ஜான் மெக்கெய்னை 2008 தேர்தலில் மதித்தார், தோற்கடிக்கவும் செய்தார். மெக்கெய்ன் விரும்பிக் கேட்டுக்கொண்டபடி, 2018இல் அவருக்கு இரங்கல் உரை ஆற்றியவர்களில் ஒபாமாவும் ஒருவர்.

தியாகத்தை வணங்குங்கள். திட்டத்தைக் கேள்வி கேளுங்கள். இரண்டும் குடிமகனின் கடமை.